எருக்கலையை வெட்டுமுன் ஒருக்கா இலையைப் புரட்டிப் பாருங்கள்

போன ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை கனடா ஸ்காபரோவிலிருந்து தங்கச்சியின் மகள் வீடியோவில் வந்தாள். அங்கே காலை, இங்கே பின்னேரம். தொலைபேசியைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் ஒரு செடியின் இலைக்குக் கீழே பிடித்தாள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக ஒரு புழு. "மாமா, இது மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிசானதும் மெக்சிக்கோவுக்குப் பறந்துபோகும். உங்களுக்கும் மில்க்வீட் விதை அனுப்பட்டா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லாமல் தொலைபேசியோடு கிணற்றடிக்குப் பின்னால் நடந்தேன். மதிலோரம் நிற்கிற எருக்கலையில் மூன்றாவது இலையையோ நாலாவது இலையையோ புரட்டினேன். அதே வளையம், அதே நிறம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயும் மொனார்க் இருக்கா?" என்றாள்.

இல்லை. மொனார்க் இலங்கையில் கிடையாது. நான் காட்டியது அதன் கிட்டின சொந்தம், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. டனாவுஸ் என்ற ஒரே பேரினத்தில் இரண்டும் அடக்கம். அவர்களுடைய மில்க்வீட்டும் எங்கள் எருக்கலையும் ஒரே குடும்பத்துச் செடிகள். இலையை முறித்தால் இரண்டிலும் வெள்ளைப் பால் வடியும். ஆகவே விதை வேண்டாம் பிள்ளை என்றேன். வெளிநாட்டு விதையைப் பையில் போட்டுக்கொண்டு வரவும் முடியாது, 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி எடுக்க வேண்டும். இங்கே ரயில் பாதை ஓரமெல்லாம் எருக்கலை நிற்கும்போது அந்த அலைச்சல் எதற்கு?

நான் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். தண்ணீர்ப் பம்பு எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள். பூச்சி படித்தவனில்லை. ஆனால் எங்கள் வளவு யாழ்ப்பாணத்து மயிலிட்டியில். 1990 இல் சண்டையில் விட்டுவிட்டு ஓடிய காணி, 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரமும் தவிர மற்றதெல்லாம் எருக்கலையும் நாயுண்ணியும். அம்மா பார்த்துவிட்டு, "எருக்கலை முளைச்சுப் போகட்டும் எண்டு திட்டுறது சும்மா இல்லைத் தம்பி, இந்தா முளைச்சிருக்கு" என்றார். ஆள் பிடித்து எல்லாவற்றையும் வெட்டுவித்தோம். மதில் மூலையில் ஒன்று தப்பியது, வெள்ளெருக்கு என்றபடியால். பிள்ளையாருக்குப் பூ ஆகும் என்று அம்மாவே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றில் பழகியதுதான் இனிச் சொல்லப்போவதெல்லாம்.

முதலில் பூச்சியை அடையாளம் பிடியுங்கள். வெந்தய வரியன் செம்மஞ்சள் நிறம், முன்சிறகின் நுனி கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பட்டி. பின்சிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளி இருந்தால் பெண், நாலு இருந்தால் ஆண். அந்த நாலாவது வெறும் புள்ளியல்ல, வாசனை வைத்திருக்கிற பை. சிறகு நரம்பெல்லாம் கறுப்புக் கோடாகத் தடித்திருந்தால் அது வேறொன்று, வரிப்புலி. படத்தில் பார்த்தால் மொனார்க் மாதிரி இருப்பது அதுதான். வளவில் ஒன்றைக் கண்டுவிட்டு மொனார்க் கண்டேன் என்று முகநூலில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கண்டிருப்பார்கள்.

புழுவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மொனார்க் புழுவுக்கு முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி என்று கறுப்பு இழைக் கொம்புகள். எங்களுடையதற்கு நடுவிலும் ஒரு சோடி, ஆக மூன்று. மருமகள் அதை எண்ணிப் பார்த்த பிறகுதான் நான் சொன்னதை நம்பினாள்.

இன்னொன்று. இது மயிர்க்கொட்டி இல்லை. முருங்கையில் பந்தம் பிடித்து எரிக்கிறோமே, அதோடு இதைச் சேர்க்க வேண்டாம். இதன் உடம்பில் மயிரே கிடையாது. கையில் விட்டாலும் சொறியாது.

சரி, செடிக்கு வருவோம். வளவில் ஏற்கெனவே எருக்கலை நின்றால் வேலை முடிந்தது, வெட்டாமல் விட்டால் போதும். இல்லையென்றால் தடி நடலாம். பெருவிரல் மொத்தத்தில் ஒரு முழம் வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய்ப் பால் காயும்வரை ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டு வையுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில், உரப்பையிலோ பூச்சாடியிலோ நடலாம். தண்ணீர் கொஞ்சமாக. ஊற்றி ஊற்றியே முதல் மூன்று தடியையும் அழுகவைத்தவன் நான். காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலத்தில் விதை பொறுக்கியும் போடலாம். பஞ்சை நீக்கிவிட்டு விதையை மட்டும் மண்ணில் மெல்லியதாக மூடினால் போதும்.

செய்யக்கூடாதது, தெருவோரத்தில் நிற்கிற பெரிய செடியைக் கிண்டிக் கொண்டுவருவது. அலவாங்கு போட்டு ஒன்றை முயன்றேன். இடுப்பளவு கிடங்கு வெட்டியும் வேர் முடியவில்லை. செடியும் செத்தது, முதுகும் பிடித்தது.

இடம் முழு வெயிலாக இருக்கட்டும். மாரியில் தண்ணீர் நிற்கிற பள்ளம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மழையே பார்த்துக்கொள்ளும். சோளகம் வீசுகிற காலத்தில் நட்டால் நீங்கள் வாளியோடு அலைய வேண்டும். செடி ஆளுயரம் வந்த பிறகு இடைக்கிடை ஒரு கிளையை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் இளந்தளிர் வரும், பெண்பூச்சி அதைத் தேடித்தான் வருகிறது. முற்றிய இலையில் சுற்றிவிட்டுப் போய்விடும்.

எருக்கம்பால் விசயத்தில் கவனம். இதை நான் பட்டு அறிந்தேன். கிளை வெட்டிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டேன். அப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, எரிவு கொஞ்சம், அவ்வளவுதான். பின்னேரம் பார்த்தால் மின்குமிழைச் சுற்றிப் புகை வளையம். அடுத்த நாள் 36 ஆம் நம்பர் கம்பிக்கும் 38 ஆம் நம்பர் கம்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, என் தொழிலுக்கு அது போதும் பயந்துபோக. கண் வைத்தியரிடம் போய் மருந்து விட்டுத்தான் தெளிந்தது. ஆகவே கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள், நோகவில்லை என்று வீட்டில் இருந்துவிடாமல் கண் சிகிச்சைக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் விளையாடுகிற பக்கம் இந்தச் செடி வேண்டாம்.

அந்தப் பாலில் இருக்கிற நஞ்சில்தான் பூச்சியின் பிழைப்பே இருக்கிறது. இதயத்தைப் பாதிக்கிற கார்டினோலைட் என்ற வகை நஞ்சு அது. புழு அதைத் தின்று, தனக்கு ஒன்றும் ஆகாமல், உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பறக்கிற பூச்சியானாலும் அது போவதில்லை. ஒருமுறை தின்று சத்தியெடுத்த குருவி அந்த நிறத்தை மறக்காது. மொனார்க்கும் அதே வேலைதான் பார்க்கிறது. அதனால்தான் இரண்டும் ஒளித்துத் திரியாமல் வெயிலில் ஆறுதலாக, யாருக்கும் பயமில்லாத சண்டியன் மாதிரிப் பறக்கின்றன.

முட்டை பார்க்கக் காலை ஒன்பது, பத்து மணி நல்லது. பெண்பூச்சி தளிர் இலையில் வந்து குந்தி, வயிற்றை வளைத்து, இலையின் அடிப்பக்கத்தில் ஒரேயொரு முட்டை வைத்துவிட்டு எழும்பும். வெள்ளை நிறம், குண்டூசித் தலையளவு. நான் வைண்டிங்குக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தேன், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரிந்திருந்தது. என் கலண்டரில் குறித்திருப்பது இது: முட்டை 3 நாள், புழு 13 நாள், கூடு 9 நாள். மாரிக் குளிரில் ஒன்றிரண்டு நாள் கூடும்.

பொரித்ததும் முதல் சாப்பாடு முட்டைக் கோதுதான். அதற்குப் பிறகு அது செய்கிற வேலையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நூல் மொத்தம்கூட இல்லாத புழு, இலையின் அடியில் வட்டமாக ஒரு கான் வெட்டுகிறது. வெட்ட வெட்டப் பால் கசிந்து விளிம்பில் நிற்கும். வாயில் ஒட்டினால் தலையை ஆட்டி, இலையில் துடைத்துவிட்டுத் திரும்ப வெட்டும். வட்டம் பூட்டியதும் உள்ளே பால் வரத்து நின்றுவிடும், பிறகு நடுவில் இருந்து ஆறுதலாகத் தின்னும். மெயின் சுவிச்சை நிப்பாட்டிவிட்டு வேலை தொடங்குகிற மாதிரி. பெரிய புழு இன்னும் கெட்டிக்காரன், இலையின் நடு நரம்பையே கடித்துவிடும். ஆகவே எருக்கலையில் ஓர் இலை மட்டும் காரணமில்லாமல் தொங்கினால் அதைப் புரட்டுங்கள், ஆள் உள்ளே இருப்பார்.

புழுவை வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டால், ஒன்றிரண்டை வளர்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்ட. ஒரு பெரிய பால்மா ரின், வாயில் நுளம்பு வலை, அடியில் கடதாசி. தினமும் புது இலை, தினமும் எச்சம் கொட்டிச் சுத்தம். ஒரு ரின்னுக்குள் பத்தை அடைத்தால் ஒன்றுக்கு வருத்தம் வந்து எல்லாம் கறுத்துச் சாகும். நான் ஆசையில் அப்படிச் செய்து ஒரே கிழமையில் ஏழைப் பறிகொடுத்தேன். வெளியில் விட்டாலும் எல்லாம் தப்பாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எறும்பு முட்டையைக் கொண்டுபோகும், சிலந்தி பிடிக்கும். ஒருவகைச் சாம்பல் ஈ புழுவில் முட்டை வைக்கும். கூடு கறுத்து, அதிலிருந்து வெள்ளை நூல் தொங்கினால் உள்ளே வளர்ந்தது ஈயின் பிள்ளைதான். கவலையாகத்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

செடியில் மஞ்சள் அழுக்கணவன் மொய்க்கும். எல்லோரும் உடனே சவர்க்காரத் தண்ணீர் அடிக்கப் போவார்கள், வேப்பெண்ணெய் அடிப்பார்கள். புழுவுக்கு இரண்டும் ஆகாது. இலையைப் பார்த்துப் புழு இல்லாத கிளையில் வெறும் தண்ணீரைப் பலமாகப் பீச்சினால் விழுந்துவிடும். மிச்சத்தை வண்டுகள் தின்னும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிற நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், காற்றுப் பக்கம் செடி நின்றால் எல்லாம் போய்விடும். டெங்குக்குப் புகை அடிக்க வருகிறபோதும் அப்படித்தான். ஒருமுறை முன்னறிவித்தல் இல்லாமல் வந்து அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் காலை நிலத்தில் எட்டுப் புழு. டெங்குக்குப் புகை வேண்டாம் என்று யார் சொன்னது? சொல்லிவிட்டு வந்தால் ரின்னில் எடுத்து உள்ளே வைத்திருப்பேன்.

வளர்ந்த பூச்சிக்கு இலை தேவையில்லை, தேன் வேண்டும். அதற்காகப் பூக்கன்று வாங்க வேண்டாம். புல் வெட்டும்போது கிணற்றடிப் பூண்டைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள், அதன் சின்னப் பூவில் நாள் முழுக்க நிற்கும். ஆண்பூச்சியை வரவழைக்க ஒரு தந்திரம் உண்டு. தேள்கொடுக்கியைப் பிடுங்கி வேலியில் தலைகீழாகக் கட்டி வாடவிடுங்கள். காய்ந்த செடியில் பூவும் இல்லை, தேனும் இல்லை, ஆனால் ஆண்கள் வந்து உறிஞ்சிக்கொண்டு நிற்கும். பெண்ணைக் கவர்கிற வாசனை செய்ய அந்தச் சாறு தேவைப்படுகிறதாம். கிலுகிலுப்பைக்கும் அப்படி வரும்.

எருக்கலை வைக்க வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்கள் வறைக்கு வைத்திருக்கிற குறிஞ்சாக் கொடியைப் பாருங்கள், நீல வரியன் அதில் முட்டையிடும். செவ்வலரியில் கறுப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும். அதன் கூடு வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்த்துத் தொங்கவிட்ட மாதிரி மினுங்கும். அலரியும் நஞ்சுதான், எருக்கலையைவிடக் கூட. அதைக் கண்டபடி நடச் சொல்ல மாட்டேன்.

இனி, கனடாவில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, மருமகளிடம் கேட்டு எழுதியது. ஒன்ராறியோவில் மில்க்வீட் 2014 வரைக்கும் சட்டப்படி அழிக்க வேண்டிய களை. இப்போது தாராளமாக வைக்கலாம். அதன் விதை குளிர் படாமல் முளைக்காது. ஒக்ரோபரில் மண்ணில் போட்டுப் பனியில் கிடக்கவிடலாம், இல்லையென்றால் ஈரக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதமாவது வைத்து வசந்தத்தில் நடலாம். கடையில் கன்று வாங்கினால் பூச்சிமருந்து அடித்ததா என்று கேளுங்கள். வேலியில் டோக் ஸ்ட்ராங்லிங் வைன் என்ற கொடி ஏறியிருந்தால் பிடுங்குங்கள். மில்க்வீட்டின் சொந்தம் என்று ஏமாந்து மொனார்க் அதில் முட்டை வைக்கும், பொரிக்கிற புழு எல்லாம் செத்துப்போகும்.

ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. மொனார்க் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று தேடியவர் பிரெட் ஊர்க்கார்ட், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியர். அவரும் மனைவி நோராவும் சிறகில் சின்னச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, தொண்டர்களைச் சேர்த்து, பல பத்து வருடம் தேடினார்கள். அவர்களுக்காகத் தேடிய கென் பிரகரும் கத்தலீனா அகுவாடோவும் 1975 ஜனவரியில் மெக்சிக்கோ மலையொன்றில் அதைக் கண்டார்கள். கிட்டத்தட்ட 3000 மீற்றர் உயரத்தில், ஒயாமெல் என்ற மரக்காட்டில், கிளை தெரியாமல் தொங்கிய பூச்சிகள். அடுத்த வருடம் ஊர்க்கார்ட் அங்கே போனபோது, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒட்டிய சீட்டோடு ஒன்று அகப்பட்டது.

கோடையில் பிறக்கிறவை சில கிழமைதான் இருக்கும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் பிறக்கிறது மட்டும் முட்டையிடாமல், 4000 கிலோமீற்றர் வரை பறந்து, எட்டு மாதமளவில் வாழும். மார்ச்சில் வடக்கே திரும்பி, வழியில் முட்டை வைத்துச் செத்துவிடும். ஸ்காபரோவுக்கு வந்து சேர்வது அதன் பேரனோ பூட்டனோதான். இதை அம்மாவுக்குச் சொன்னேன். "போனது வராது, பேரப்பிள்ளை வந்து பாக்கும் எண்டா எங்கட கதைதானே" என்றுவிட்டுப் பூக்கிள்ளப் போய்விட்டார்.

அந்த மலையில் பூச்சி மூடியிருக்கிற இடத்தை ஒவ்வொரு வருடமும் ஹெக்டேயரில் அளக்கிறார்கள். 2023-24 இல் 0.9, அடுத்த வருடம் 1.79. எங்கள் அளவில் மாற்றிப் பார்த்தேன்: முதலாவது 36 பரப்புக்கும் குறைவு, இரண்டாவது 71 பரப்பு. மயிலிட்டியில் அதைவிடப் பெரிய காணி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வெந்தய வரியனுக்கு அப்படி ஒரு மலை கிடையாது. வருடம் முழுக்க அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். என் வளவில் நான் கண்டபடி, மாரி முடிந்து தை, மாசியில்தான் கூட்டம். ஆகவே செடியை மார்கழிக்கு முன் தளிர்விட வைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கூடு. முற்றிய புழு செடியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கும், தேட வேண்டாம். மதிலிலோ வாளிக் காதிலோ வாலால் ஒட்டிக்கொண்டு, தூண்டில் முள் மாதிரி வளைந்து ஒரு நாளளவில் தொங்கும். பிறகு தோல் கழன்று கூடாகும். பச்சை இலைக்கிடையில் என்றால் பச்சை, சுவரில் என்றால் வெளிறிய றோஸ், இரண்டிலும் தங்கப் பொட்டு. விழுந்து கிடந்தால் எறியாதீர்கள். நுனியில் கறுப்பாக ஒரு காம்பு இருக்கும், அதில் மெல்லிய நூலால் சுருக்குப் போட்டு, கீழே ஒரு சாண் இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். வெளியே வந்ததும் சிறகை நீட்டித் தொங்கப்போட இடம் வேண்டும், இல்லையென்றால் சுருங்கியே காய்ந்துவிடும். நான் வைண்டிங் கட்டுகிற பருத்தி நூலைப் பிரித்து ஓர் இழை எடுப்பேன். வெளிவருமுதல் நாள் கூடு கண்ணாடி மாதிரியாகி உள்ளே செம்மஞ்சள் தெரியும். வந்த பிறகு செம்மஞ்சளாக ஒரு துளி சொட்டும், இரத்தம் என்று பயப்பட வேண்டாம்.

இந்த மாசியில் ஒன்று மதிலிலிருந்து விழுந்தது. நூல் போட்டுக் கொடிக்கம்பியில் கட்டிவிட்டேன். ஆறாம் நாள் காலை அது வெளியே வந்து, கசங்கிய கடதாசி மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றது. அம்மா தோய்த்த சேலையைப் பிழிந்து வாளியில் வைத்துக்கொண்டு, கொடிக்குக் கிட்டப் போகாமல் தள்ளி நின்றார். பத்து மணியளவில், "இது எப்ப தம்பி பறக்கும்? வெயில் போகுது" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.